பழமரக் கன்று விற்போர் வாடிக்கைக்காரர் பதிவேட்டைக் கைத்தொலைபேசியிற் பேணல்

வட மாகாணத்திலே பழமரக் கன்றுகளை உற்பத்தி செய்து விற்கும் சிறு நாற்றுமேடைகள் அநேகம் உள. வீட்டு வளவின் ஒரு மூலையிற் கிடுகு அல்லது வலை நிழலின் கீழ் ஐந்நூறு கன்றுகளையோ ஆயிரம் கன்றுகளையோ வைத்து நடத்தப்படும் இந்நாற்றுமேடைகளுக்கு ஒட்டும் வேலையிற் குறைவில்லை. குறைவு வேறோரிடத்தில் உளது. யார் வாங்கினர், எதனை வாங்கினர், எதனைக் கேட்டும் கிடையாது திரும்பினர் என்பன எழுதிவைக்கப்படுவதில்லை. நாற்றுமேடைக்காரர் பலர் நட்டமடைவது நோயினாலோ வரட்சியினாலோ மட்டுமன்று. இவ்விபரம் இல்லாமையினாலும் ஆகும்.

இதன் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். வரண்ட பிரதேசத்திற் பழமரக் கன்றுகளை நடுவதற்கு ஏற்ற காலம் ஒக்டோபர் மாதத்திலே தொடங்கும் மாரி மழைக் காலமாகும். ஆதலால் ஆண்டு முழுவதற்குமான விற்பனையின் பெரும்பகுதி ஒரு சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகின்றது. ஆனால் அவ்வாரங்களில் விற்கவேண்டிய மாங்கன்றுக்குரிய ஒட்டுக்கட்டையை வளர்த்தலும் ஒட்டுதலும் பல மாதங்களுக்கு முன்னரே செய்யப்பட வேண்டியவை. மாவிதை நெடுநாள் வைத்திருக்கத் தக்கதுமன்று. எனவே எந்த இனத்தில் எத்தனை கன்று ஒட்டுவது என்னும் முடிவை மழைக்கு வெகு முன்னரே எடுக்கவேண்டியிருக்கின்றது. அந்நேரத்தில் உங்களிடம் இருப்பது சென்ற மாரியைப் பற்றிய ஞாபகம் ஒன்றே.

ஞாபகம் நம்பத்தக்கதன்று என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். யான் சென்று பார்த்த ஒரு நாற்றுமேடையில் நவம்பர் மாத நடுப்பகுதியிலேயே கறுத்தக் கொழும்பான் கன்றுகள் யாவும் விற்றுத் தீர்ந்துவிட்டன. அம்பலவியும் விலாட்டும் வரிசை வரிசையாக எஞ்சி நின்றன. பெப்ரவரியில் யான் மீண்டும் சென்றபோது அவற்றின் வேர்கள் பொலித்தீன் பைகளைத் துளைத்து நிலத்தினுள் இறங்கியிருந்தன. பைகளைக் கிளப்பியபோது வேர் அறுந்து பல கன்றுகள் வாடின; மற்றவற்றை அடுத்த மாரியில் அரைவிலைக்கே கொடுக்க முடிந்தது. “கறுத்தக் கொழும்பான் கேட்டு வந்து வெறுங்கையோடை போனவை எத்தினை பேர்?” என வினவினேன். “அது ஆருக்கு ஐயா தெரியும்? கனபேர் வந்தவை,” என்றார் அவர். அந்தக் ‘கனபேர்’ இருபது பேரா இருநூறு பேரா என்பது தெரியாமலே அவ்வாண்டுக்குரிய ஒட்டு வேலையையும் அவர் தொடங்கிவிட்டார்.

விற்பனைக் கணக்கு விற்றதை மட்டுமே காட்டும். கேட்டும் கிடையாததை அது காட்டமாட்டாது. வாடிக்கைக்காரர் பதிவேட்டின் முதற் பயன் இங்கேதான் உள்ளது.

விலை குறைந்த வழி எது?

வாடிக்கைக்காரர் விபரங்களைப் பேணுவதற்கெனத் தனியான கணினி மென்பொருள்கள் 1990 ஆம் ஆண்டுகளிலேயே பெரிய கம்பனிகளிற் பயன்பட்டன. 1999 இல் ஆரம்பிக்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி இவ்வித மென்பொருளை இணையத்தின் வழியாக வாடகைக்குக் கொடுக்கும் முறையைப் பரப்பியது. அன்றுமுதல் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஆளுக்கு மாதத்திற்கு இவ்வளவு டொலர் என்னும் கணக்கிலே விற்கப்படுகின்றன. இக்கணக்கு எமக்கு ஆபத்தானது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மாதம் 10 டொலர் கட்டிவந்தவருக்கு ஒரு கன்றும் கூடுதலாக விற்காமலே மாதச் செலவு 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று.

கட்டணமின்றிக் கிடைப்பனவும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ கம்பனியின் வாடிக்கைக்காரர் மென்பொருளை மூன்று பேர் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆயினும் ஆயிரம் கன்றுக்கு உட்பட்ட நாற்றுமேடைக்கு முதல் ஆண்டிலே இதுவும் வேண்டியதில்லை என்பதே எனது அபிப்பிராயம். உங்கள் கைத்தொலைபேசியில் இயங்கும் ஒரு விரிதாளும், வியாபாரத்துக்கென 2018 இல் வெளியிடப்பட்ட வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியும் போதுமானவை. இரண்டிற்கும் கட்டணமில்லை. ஒரு மாரி முழுவதும் விரிதாளை ஒழுங்காக எழுதாதவர், பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளையும் எழுதமாட்டார்.

விரிதாளை அமைத்தல்

கூகிள் ஷீட்ஸ் போன்ற ஒரு விரிதாளைத் திறந்து முதல் நிரையிலே தலைப்புக்களை எழுதுக. தொலைபேசி எண், பெயர், ஊர், கேட்ட இனம், கேட்ட தொகை, கொடுத்த தொகை, திகதி, பெற்ற பணம், மீதிக் கடன், அடுத்து அழைக்கவேண்டிய நாள் என்னும் பத்து நிரல்கள் போதும். இருபது நிரல்கள் வைத்துத் தொடங்கியவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டதை யான் கண்டிருக்கின்றேன். ‘கேட்ட தொகை’ வேறு, ‘கொடுத்த தொகை’ வேறு என்பதைக் கவனிக்குக. ஒருவர் ஐந்து கறுத்தக் கொழும்பான் கேட்டு ஒன்றும் பெறாது திரும்பினாலும் அவருக்கு ஒரு நிரை எழுதப்படுதல் வேண்டும். இது சிலருக்கு வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு எத்தனை ஒட்டுவது என்பதை உங்களுக்குக் கூறப்போவது இந்நிரையே.

ஒரு வாடிக்கைக்காரரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்குப் பெயர் உதவாது. ஒரே ஊரிலே ஒரே பெயருடையோர் நால்வர் இருப்பர்; ஒருவரே வீட்டுப் பெயர் ஒன்றும் பதிவுப் பெயர் ஒன்றும் உடையவராய் இருப்பர். தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொள்க. இங்கே ஒரு சங்கடம் உண்டு. விரிதாள் எண்ணைக் கண்டவுடன் அதனைக் கணக்குக்குரிய இலக்கமாகக் கருதி முன்னிற்கும் பூச்சியத்தை நீக்கிவிடும். ஆதலால் எழுதத் தொடங்கு முன்னரே அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து, அதனை வெறும் எழுத்து வடிவமாக மாற்றிக்கொள்ளல் அவசியம்.

திகதியிலும் இத்தகைய ஏமாற்றம் நேரலாம். புதிதாகத் திறக்கப்படும் விரிதாள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாகக் கொள்வதுண்டு. அப்போது நீங்கள் 5/11 என நவம்பர் 5 ஐ எழுத, அது மே 11 எனக் கொள்ளும். விரிதாளின் அமைப்புப் பகுதியில் நாட்டை மாற்றினால் இக்குறை நீங்கும். மாற்றிய பின் ஒரு திகதியை எழுதிச் சோதித்துப் பார்க்குக.

இனப் பெயரை ஒவ்வொரு முறையும் கையால் எழுதுதல் கூடாது. ஒரு நாள் ‘கறுத்தக் கொழும்பான்’ என்றும், மறுநாள் ‘க. கொழும்பான்’ என்றும், மகன் எழுதும்போது ‘கொழும்பான்’ என்றும் எழுதப்பட்டால் விரிதாள் அவற்றை மூன்று இனமாகவே எண்ணும். இனங்களின் பட்டியலை ஒருமுறை கொடுத்து, அதிலிருந்து தெரிவுசெய்யும்படி கலங்களை அமைத்துவிடலாம். அப்பொழுது தை மாதத்திலே ‘கேட்ட தொகை’ நிரலை இனவாரியாகக் கூட்டிப் பார்த்தல் ஒரு நிமிட வேலையாகும்.

எமது பகுதிக்குரிய இன்னொரு விடயத்தையும் கூறவேண்டும். பணம் அனுப்புபவர் ஒருவராகவும் கன்றை நடுபவர் வேறொருவராகவும் இருப்பது இங்கே வழக்கம். கனடாவிலிருந்து மகன் பணம் அனுப்பக் கோப்பாயிலே தாயார் கன்றை நடுவார். மகனுடைய எண்ணை மட்டும் எழுதிவைப்பவர், கன்று வாடும்போது யாரை அழைப்பது என அறியார். நடுபவரின் எண்ணை முதலிலும், பணம் அனுப்பியவரின் எண்ணைப் பதினோராவது நிரலிலும் எழுதிக்கொள்க.

விற்றபின் அழைத்தல்

பதிவேட்டினால் விற்பனை உயர்வது பெரும்பாலும் இதனாலேயே. ஒட்டுக்கன்றை வாங்கிச் செல்வோர் பலருக்கு அதன் பராமரிப்புத் தெரியாது. ஒட்டிய இடத்திற் சுற்றிய பொலித்தீன் நாடா அகற்றப்படாதிருந்தால், தண்டு பருக்கும்போது நாடா அதனை இறுக்கி நெரிக்கும். ஒட்டுக்குக் கீழே ஒட்டுக்கட்டையிலிருந்து தோன்றும் தளிர்கள் நீக்கப்படாதுவிடின், அவை விரைந்து வளர்ந்து மேலேயுள்ள நல்லினத்தை மடியச் செய்யும். நான்கு ஐந்து ஆண்டுகளின் பின்னர் நாரும் புளிப்பும் மிக்க காய் காய்க்கும்போது, “அந்த நாற்றுமேடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்னும் பேச்சு ஊரெங்கும் பரவும். நீங்கள் கொடுத்தது நல்ல கன்றாயினும் பெயர் கெடுவது உங்களுக்கே.

ஆதலால் விற்பனைத் திகதி நிற்கும் கலத்துடன் 21 ஐக் கூட்டி ‘அடுத்து அழைக்கவேண்டிய நாள்’ என்னும் நிரலில் விழச் செய்க. நாள்தோறும் காலையில் அந்நிரலை வரிசைப்படுத்தினால் அன்று அழைக்கவேண்டியவர்கள் மேலே நிற்பர். முதல் அழைப்பிலே கன்று பிடித்துவிட்டதா, நாடா எந்நிலையில் உள்ளது, கீழ்த்தளிர் உண்டா என விசாரிக்குக. இரண்டாவது அழைப்பு மழை ஓய்ந்த பின்னர், தை மாத முடிவில். அப்போது அடியிலே வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளாலான மூடுபடை இடும்படியும், இளங்கன்று பூத்தாற் பூவைக் கிள்ளிவிடும்படியும் நினைவூட்டுக. மூன்றாவது அழைப்பு அடுத்த செப்டெம்பரில். விற்பனை பற்றிப் பேசவேண்டியது இம்மூன்றாவது அழைப்பிலே மட்டும். சென்ற முறை கிடையாது திரும்பியவருக்கு அவர் கேட்ட இனம் இம்முறை ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது என்று கூறலாம். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடமாக, 200 பேருக்கும் ஒருமுறை அழைக்கப் பத்து மணித்தியாலம் வேண்டும். அது ஒரே நாளிலே செய்யப்படுவதன்று.

அழைப்புக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாற் போதாதா எனச் சிலர் கேட்கின்றனர். ஓரளவுக்குப் போதும். ஆனால் ஒலிபரப்புப் பட்டியல் மூலம் அனுப்பப்படும் செய்தி, உங்கள் எண்ணைத் தமது தொலைபேசியிற் சேமித்தவர்களுக்கே சென்றடையும். கன்றை ஒப்படைக்கும்போதே உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளல் நன்று. அச்செயலியில் உள்ள நிறச் சீட்டுக்களைக் கொண்டு ‘முற்பணம் தந்தவர்’, ‘கடன் உள்ளவர்’, ‘அழைக்கவேண்டியவர்’ என உரையாடல்களைப் பிரித்து வைக்கலாம். கன்றுகளின் படத்தையும் விலையையும் காட்டும் விபரப்பட்டியலும் அதில் உண்டு; விற்றுத் தீர்ந்த இனத்தை அன்றன்றே அதிலிருந்து மறைத்துவிடுக. நாள்தோறும் காலை வணக்கப் படம் அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து தவிர்க்குக. உங்கள் எண் தடைசெய்யப்பட்டால் நாடாவை அறுக்கவேண்டிய செய்தியும் அவருக்குப் போய்ச் சேராது.

விபரங்களைக் காத்தல்

பிறருடைய பெயரும் எண்ணும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடயம் பற்றியதே. எண்ணை எழுதுமுன் “கன்றைப் பற்றி விசாரிக்க உங்களை அழைக்கலாமா?” எனக் கேட்டு, சம்மதித்தவரை மட்டும் அழைக்குக. அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி முதலியன கன்று விற்பதற்கு வேண்டியவையல்ல. அவற்றைக் கேட்டல் கூடாது. உர வியாபாரி ஒருவர் உங்கள் பட்டியலை விலைக்குக் கேட்டால் மறுத்துவிடுக.

எனது சொந்த அனுபவம் ஒன்றையும் கூறிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது கைத்தொலைபேசி நீர்த்தொட்டியினுள் வீழ்ந்து பழுதாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட கமக்காரரின் எண்கள் அத்தொலைபேசியில் மாத்திரமே இருந்தமையால், அவற்றை மீண்டும் சேகரிக்க ஒரு போகம் முழுவதும் சென்றது. விரிதாளை இணையக் கணக்கிலே வைத்தால் தொலைபேசி போனாலும் விபரம் போகாது. கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இணையம் இல்லாத வேளையிலும் திறக்கக்கூடியவாறு அதனை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை ஒரு பிரதியை அச்சிட்டு வைப்பவரை யான் பழமைவாதி எனக் கூறமாட்டேன்.

மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்கவேண்டிய காலம் எப்பொழுது? இருவருக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் விற்பனை எழுதும்போதும், வாடிக்கைக்காரர் ஆயிரத்தைத் தாண்டி யாரை அழைத்தோம் யாரை அழைக்கவில்லை என்னும் குழப்பம் தோன்றும்போதும் அதனை யோசிக்கலாம். அப்பொழுதும், உங்கள் விபரங்கள் முழுவதையும் மீண்டும் விரிதாளாக வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலில் விசாரிக்குக. முடியாதெனின் அதனை வாங்காதீர்கள்.

விரிதாளை அமைப்பதற்கு உதவி வேண்டுவோர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் அலுவலகத்திலே இருக்கும் நாளை விசாரித்து, கைத்தொலைபேசியுடனும் சென்ற மாரிக்குரிய கொப்பி அல்லது துண்டுச் சீட்டுக்கள் எவையேனும் இருப்பின் அவற்றுடனும் வருக. செப்டெம்பர் மாதத்துக்கு முன்னர் வருதல் நன்று. மழை தொடங்கிய பின்னர் உங்களுக்கும் எமக்கும் நேரம் இராது.