பள்ளிக்கு விடுமுறை, சத்துணவுக்கும் விடுமுறையா?

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் பரிமாறி முடிந்ததும், சத்துணவுக் கூடத்தில் அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். மீதி அரிசியையும் பருப்பையும் அமைப்பாளர் எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். கதவு பூட்டப்படுகிறது. இனி அந்த அடுப்பு எரிவது பள்ளி திறக்கும்போதுதான்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்ட நாள். ஆனால், அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளில் மதியச் சாப்பாடு கேள்விக்குறியாகிறது. மதிய உணவுத் திட்ட விதிப்படி, தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இது 700 கலோரி, 20 கிராம் புரதம். கோடையில் இந்த அளவு அப்படியே நின்றுபோகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மதிய உணவைக் குழந்தைகளின் உரிமையாக்கியது. அதன் 5ஆவது பிரிவு, 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குத் தினமும் இலவச மதிய உணவை உறுதி செய்கிறது. ஆனால், பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக. 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக உணவு தரச் சொல்லும் பகுதியில் இந்த விதிவிலக்கு இல்லை. இதனால், 4 வயதுத் தங்கை அங்கன்வாடியில் சாப்பிடும் கோடை நாளிலும், 7 வயது அண்ணனுக்குச் சட்டப்படி சோறு இல்லை. ஒரே வீடு, ஒரே பசி. வயது மட்டுமே வேறு.

நீதிமன்றம் என்ன சொன்னது?

உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் சமைத்த உணவு தரச் சொன்னது. 2004 ஏப்ரல் 20 அன்று அதே வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 மே மாதம், பல மாநிலங்களை வறட்சி வாட்டியபோது வந்த தீர்ப்பு இதை மீண்டும் வலியுறுத்தியதோடு, முட்டை, பால் போன்ற சத்துணவையும் வாரத்தில் சில நாள்களாவது சேர்க்கச் சொன்னது.

ஆக, வழி இருக்கிறது. ஆனால், வறட்சி என்று அரசு அறிவித்தால்தான் அது திறக்கும். மழை பொய்க்காத ஆண்டிலும் கூலிக்காரர் வீட்டில் மே மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

நடைமுறையில் முடியுமா?

முடியும் என்று கரோனா காலமே காட்டியது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கோடை விடுமுறைக்கும் மதிய உணவுத் திட்டத்தை நீட்டிப்பதாக மத்திய அரசு அறிவித்தது. 2021இல் சமையல் செலவுத் தொகையை ஏறத்தாழ 11.8 கோடி மாணவர்களுக்கு நேரடியாகப் பணமாக வழங்க முடிவெடுத்தது. பள்ளி திறக்கவில்லை என்பது உணவைத் தடுக்கும் காரணமாக அப்போது இருக்கவில்லை.

நெருக்கடி இல்லாத காலத்திலும் இது முடியும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கு கோடைக்கால உணவுத் திட்டம் 1968இல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பகுதிகளில் பள்ளிகள், பூங்காக்கள், தேவாலயங்கள் போன்ற இடங்களில் 18 வயது வரையுள்ளோருக்கு இலவச உணவு கிடைக்கிறது. அந்த இடம்வரை வர முடியாத குழந்தைகள் விடுபட்டார்கள். எனவே, 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 40 டாலர் வீதம் 3 மாதங்களுக்கு உணவு வாங்க உதவித்தொகை தரப்படுகிறது.

என்ன செய்யலாம்?

நம்மிடம் சமையல் கூடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, பழகிய கைகளும் இருக்கின்றன. ஊருக்கு ஒரு பள்ளியிலாவது மதியம் மட்டும் அடுப்பு எரியட்டும். விரும்பும் பிள்ளைகள் வந்து சாப்பிடட்டும். கோடையில் உழைக்கும் சமையலர்களுக்கு அதற்குரிய ஊதியம் தர வேண்டும். சமைக்க வழியில்லாத இடத்தில் அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுக்கலாம்.

'பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக' என்ற விதிவிலக்கைச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் எடுக்க வேண்டும். அதுவரை மாநில அரசுகள் காத்திருக்கத் தேவையில்லை. சட்டம் குறைந்தபட்ச உரிமையைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் கொடுப்பதை அது தடுக்கவில்லை. அடுத்த கோடைக்குள் அந்தப் பூட்டு திறக்கப்பட வேண்டும்.