பழைய மோட்டார் வண்டிக்கு வில் தெரிந்தெடுத்தல்

மோட்டார் வண்டிக்கு வில் எதன்பொருட்டு என்னும் வினாவிற்கு, கட்டைவண்டியிலும் வில்வண்டியிலும் ஏறிச்சென்ற நம் பாட்டன்மார் எளிதில் விடையிறுத்திருப்பர். ஆயின் எத்துணை விறைப்புள்ள வில் வேண்டும் என்னும் வினா அவ்வளவு எளியதன்று. புதிய வண்டி வாங்குவோர் இவ்வினாவை எழுப்ப வேண்டுவதில்லை. வண்டியைச் செய்தோரே அதற்கு விடைகண்டு வில்லைப் பொருத்தியிருக்கின்றனர். நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த வண்டியொன்றைக் காட்சிப்பொருளாகக் கொட்டகையில் நிறுத்திவையாமல், நாடோறும் அலுவலுக்கும் கடைவீதிக்கும் ஓட்டிச்செல்வோர்க்கே இஃது இன்றியமையாத வினாவாகின்றது. வண்டியின் முகம் நாளடைவில் தாழ்ந்துவிடுகிறது. வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுகிறது. பட்டறைக்குச் சென்று முறையிட்டால், "கனமான ஸ்பிரிங் போட்டுவிடலாம்" என்னும் மறுமொழி கிடைக்கிறது. அம்மறுமொழி பெரும்பாலும் பிழையானது. அஃது ஏன் பிழையென்பதும், சரியான வில்லைத் தெரிந்தெடுக்கும் முறை யாதென்பதும் ஈண்டு ஆராயப்படும்.

உதாரணமாக, நம் நாட்டார் நன்கறிந்த பத்மினி வண்டியை எடுத்துக்கொள்வோம். இத்தாலி தேசத்துப் பியட் கம்பெனியார் 1953-இல் புதுவடிவில் வெளியிட்ட 1100 என்னும் வண்டியின் வழித்தோன்றல் இது. பம்பாய் நகரத்துக் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் 1964 முதல் ஏறக்குறைய 2000 வரையில் இவ்வினத்து வண்டிகளைச் செய்துவந்தனர். மும்பைத் தெருக்களில் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிவுற்றது; எனினும் தனிப்பட்டோர் கையில் இன்னும் பல உயிரோடிருக்கின்றன. வெறும் வண்டியின் எடை ஏறக்குறைய 900 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 2 மீட்டர் 34 சென்டிமீட்டர். முன்புறத்தில் சக்கரத்திற்கு ஒன்றாகச் சுருள்வில்லும், பின்புறத்தில் அச்சின் இருமருங்கும் கமான் பட்டையும் பாரத்தைத் தாங்குகின்றன.

வில்லின் விறைப்பு என்பது, அதனை ஒரு சென்டிமீட்டர் அமுக்குதற்கு வேண்டிய பாரத்தின் அளவே. பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்பார் 1678-இல் விளக்கி எழுதினார். நம் கல்லூரிப் பௌதிகசாலையில் எடைகளைத் தொங்கவிட்டு மாணவர் செய்யும் முதற் பரீட்சைகளுள் இதுவும் ஒன்று. சுருள்வில்லின் விறைப்பு நான்கு பொருள்களைப் பொறுத்தது: எஃகின் இயல்பு, கம்பியின் கனம், சுருளின் அகலம், சுற்றுகளின் தொகை. கம்பியின் விட்டத்தினுடைய நாற்படியைத் தொடர்ந்து விறைப்பு ஏறும். சுருளின் விட்டத்தினுடைய முப்படியைத் தொடர்ந்து இறங்கும். சுற்றுகள் மிகுந்தாலும் இறங்கும். இந்நாற்படிதான் பட்டறைகளில் பலரும் எண்ணாதது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பியால் அதே வடிவில் வில் செய்வித்தால், கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. விறைப்போ நூற்றுக்கு 38 பங்கு மிகுந்துவிடும்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். முதுமையால் தாழ்ந்துபோன வில் தன் உயரத்தை இழந்ததேயன்றி விறைப்பை இழந்ததன்று. பல்லாண்டு பாரஞ் சுமந்த எஃகு சிறிது சிறிதாக நிரந்தரமாகக் குறுகிவிடும். ஆயின் மேலே கூறிய நான்கனுள் எதுவும் மாறவில்லையாதலின், ஒரு சென்டிமீட்டர் அமுக்குதற்கு அன்று வேண்டிய பாரமே இன்றும் வேண்டும். துரு அரித்துக் கம்பி மெலிந்திருந்தால் மாத்திரம் வேறு. அத்தகைய வில் எப்படியும் எறியத்தக்கதே. ஆகவே, தாழ்ந்த வண்டிக்கு வேண்டுவது பழைய உயரமே. அதே விறைப்பில் புதுவில் செய்வித்தாலும், குறைவு சிறிதாயின் வில்லின் இருக்கையில் தக்க கனமுள்ள ரப்பர் வளையம் ஒன்றை இட்டாலும் அது திரும்பக் கிடைக்கும். கமான் பட்டையாயின் அதைப் பிரித்து மீண்டும் வளைவேற்றிப் பதமிடலாம். அம்பாசடர் வண்டியை வைத்திருப்போர்க்கு இவ்வுண்மை கண்கூடு. அதன் முன்புறத்தில் சுருளுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு அமைந்திருக்கிறது. தண்டின் பிடியைத் திருப்பிவைத்தால் முகம் உயருகின்றது. தண்டு அதே தண்டாதலின் விறைப்பு மாறுவதில்லை.

இதற்கு மாறாகக் கையாளப்படும் வழிகள் சில உள. சுருள்களின் நடுவே ரப்பர்த் துண்டுகளைச் செருகுவர். செருகிய சுற்று வேலை செய்யாதாகையால் வில் விறைப்பாகிறது. வண்டி தாழ்ந்து நிற்பதே அழகென்று எண்ணும் இளைஞர் சுருளில் ஒரு சுற்றை அறுத்தெறிவர். ஏழு சுற்றுள்ள வில் ஆறு சுற்றானால் விறைப்பு ஆறிலொரு பங்கு ஏறும், அசையும் இடமோ குறையும். நெருப்பிட்டு வில்லைத் தாழ்த்துவோரும் உளர். பதங்கெட்ட எஃகை நம்பி மனிதரை ஏற்றிச்செல்வது கொடுஞ்செயல் என்பதற்கு மேல் அதுபற்றிக் கூறுதற்கில்லை.

நிற்க. உரிய விறைப்பு யாதென எங்ஙனம் அறிவது? வண்டி செய்தோரின் கைப்புத்தகத்தில் அவ்வெண் கிடைப்பின் அதுவே முதற் பிரமாணம். கிடையாதபோது, அல்லது வண்டி சுமக்கும் பாரம் மாறியிருக்கும்போது, வண்டியின் அசைவை எண்ணிக் கணக்கிடுதல் வேண்டும். வில்மேல் நிற்கும் வண்டியை ஒருமுறை அமுக்கிவிட்டால், அது நிமிஷத்துக்கு இத்தனை முறையென்று ஏறியிறங்கும் இயல்புடையது. தாங்கும் பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால் ஏறக்குறைய அத்தொகை வரும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் 60 அசைவு. 16 ஆயின் 75. 11 ஆயின் 90. 6¼ ஆயின் 120. 60 முதல் 90 வரையுள்ள அசைவு உடம்புக்கு இதமாயிருக்கும். 120-ஐத் தாண்டியது பந்தயக் களத்துக்கு ஆகலாம். கற்கள் பெயர்ந்த சாலையில் நாடோறும் இருபது மைல் செல்வோர்க்கு ஆகாது.

முன்னும் பின்னும் ஒரே அசைவுத் தொகை இருத்தலும் ஆகாது. ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனியிலிருந்து அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியறிஞர், 1930-ஐ அடுத்த ஆண்டுகளில், எடைகளை இடம்மாற்றி வைக்கத்தக்க வண்டியொன்றை அமைத்து இதனை ஆராய்ந்தார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்மினியின் முன்சக்கரம் ஒரு மேட்டில் மோதிய பின், பின்சக்கரம் அதே மேட்டை அடைய ஒரு வினாடியில் ஏழிலொரு பங்கு செல்லும். இரு புறமும் ஒரே வேகத்தில் அசைந்தால், முகம் தாழும்போது வால் உயர்ந்து வண்டி படகுபோல் ஆடும். பின்புறம் சற்று விரைந்து அசைந்தால், பிந்தித் தொடங்கியபோதிலும் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். பிறகு வண்டி மட்டமாகவே ஏறியிறங்கும். ஆதலின் பின்புறத்து அசைவு முன்புறத்தைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு மிகுந்திருத்தல் நலம்.

இப்பொழுது கையிலுள்ள வில்லின் அளவை அறியப் பெரிய கருவிகள் வேண்டா. ஓர் அளவுநாடாவும் சில மணல்மூட்டைகளும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்துக்கும் மட்கார்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்க. டயரின் அமுக்கம் இவ்வளவில் கலவாது. முன் அச்சுக்கு நேர்மேலே 100 கிலோ ஏற்றுக. பக்கத்துக்கு 50 கிலோ ஆயிற்று. வண்டியைக் குலுக்கிவிட்டுப் பின்னர் அளவெடுத்தல் வேண்டும். மூட்டுகளின் உராய்வு இன்றேல் ஏமாற்றிவிடும். பாரத்தை இறக்கும்போதும் அவ்வாறே அளந்து சராசரி காண்க. 3½ சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பின், சக்கரத்தினிடத்து விறைப்பு சென்டிமீட்டருக்குச் சற்றேறக்குறைய 14 கிலோ. அச்சக்கரத்தின்மேல் வில் தாங்கும் பாரம் 225 கிலோ என்று கொள்வோமாயின் அமுக்கம் 16 சென்டிமீட்டர், அசைவு 75. முன்புறத்துக்கு மிக நன்று. ஒன்று நினைவிலிருத்தல் வேண்டும். சுருள்வில் சக்கரத்தினிடத்தில் இல்லை. கைபோன்ற தாங்கியின் நடுவே உட்புறமாக நிற்கின்றது. சக்கரம் 10 பங்கு அசைய வில் 6 பங்கே அசையுமாயின், 14-ஐ 0.6-இன் வர்க்கமாகிய 0.36-ஆல் வகுத்து, 39 கிலோ விறைப்புள்ள வில்லைச் செய்விக்க வேண்டும். இவ்வகுத்தலை மறந்து 14 என்றே எழுதிக் கொடுத்தால், வண்டி எழுந்தே நில்லாது.

பின்புறமே சங்கடமானது. முன்புறத்தில் பாரம் அதிகம் மாறுவதில்லை. பின்புறத்திலோ, ஓட்டுபவர் தனியே செல்லும்போது சக்கரத்துக்கு 170 கிலோவும், குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஏறியபோது 300 கிலோவும் இருக்கலாம். சக்கரத்தினிடத்து விறைப்பு 14 ஆயின், தனியே செல்லும்போது 86 அசைவு, அருமையான சவாரி. எல்லோரும் ஏறினாலோ வண்டி 9 சென்டிமீட்டருக்குமேல் தாழ்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர்த் தடையில் முட்டும். அசைவு 65 ஆகி முன்புறத்தைவிடக் குறைந்துவிடும். 20 ஆயின் பாரத்தோடு 77, தனியே 103. ஆண்டுக்கு இருமுறை ஊருக்குச் செல்வதற்காக ஆண்டு முழுவதும் முதுகு நோகச் செல்வதாகும். 17 ஆயின் தனியே 95, பாரத்தோடு 71, தாழ்வு ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இவ்விடைநிலையே எமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. தினந்தோறும் பள்ளிப்பிள்ளைகளை நிரப்பிச்செல்வோர் 20-ஐக் கொள்வதிலும் குற்றமில்லை. மேற்கூறிய எண்களெல்லாம் கணக்கின் போக்கை விளக்கக் கொண்டவை. அவரவர் வண்டியை எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்தி எடை கண்டே முடிவுசெய்தல் வேண்டும்.

கமான் பட்டையில் மேலும் ஓர் இலை சேர்க்கும் வழக்கத்தைப் பற்றியும் கூறவேண்டும். ஒரே கனமுள்ள ஐந்து இலை ஆறானால் விறைப்பு ஐந்திலொரு பங்கு மிகும். சவாரி கடினமாவது மாத்திரமன்று. வளைவில் திரும்புங்கால் வண்டியின் சாய்வை எதிர்க்கும் வேலையில் பின்புறம் தன் பங்குக்கு மேல் ஏற்றுக்கொள்ளும். அதனால் உட்சக்கரத்தின் பாரம் வெளிச்சக்கரத்துக்கு மிகுதியாகப் பெயர்ந்து, பின் டயர்களின் பிடிப்பு குறையும். உலர்ந்த தெருவில் இது புலப்படாது. மழைக்காலத்தில், ஈரச்சாலையின் வளைவில், வால் வழுக்கி வண்டி சுழலும்போதுதான் புலப்படும். இழுவாருமின்றிக் கிடந்த இலைகளுக்கிடையே துருவேறி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிரித்துத் துடைத்துக் கிரீஸ் இட்ட பின்னரே விறைப்பை அளக்கவேண்டும்.

விறைப்பான வில் பாதுகாப்பானது என்னும் எண்ணம் பந்தய வண்டிகளைக் கண்டு எழுந்தது. பந்தயக் களம் வழுவழுப்பானது. அங்கே சக்கரம் தரையைவிட்டு எழுவதற்குக் காரணம் குறைவு. மேடுபள்ளத்தில் விறைப்பான வில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவிடாது. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. அன்றியும், வில் ஏற்காத அடியை வண்டியின் உடல் ஏற்கும். பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, தகட்டுடலே சட்டம். ஐம்பதாண்டுத் துருவேறிய தகட்டில் வில் இருக்கைகளைச் சுற்றி வெடிப்புக் காண்பது இவ்வாறுதான்.

வில்லை மாற்றுமுன் ஷாக் அப்ஸார்பரைச் சோதிப்பது முறை. மூலையொன்றை அமுக்கிவிட்டால், வண்டி ஒருமுறை எழுந்து தாழ்ந்து நின்றுவிட வேண்டும். மேலும் ஆடினால் குற்றம் பெரும்பாலும் அதனுடையதே. வில்லின்மேற் பழி சுமத்தலாகாது. விறைப்பைக் கூட்டியே தீரவேண்டுமாயின் அதன் அடக்கும் வலியையும் கூட்டுதல் வேண்டும். நூற்றுக்கு 38 பங்கு விறைப்பு மிகுந்தால் 17 பங்கு வலி மிகவேண்டும். புதுவில்லை எப்பொழுதும் இணையாகவே மாற்றுக. முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் உயரத்தை அளந்து, நான்கு சக்கரங்களின் அளவையும் தேதியோடு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்க.