நடுவே கிடக்கும் நிலம்

உலகின் பல நாடுகளில் நிலநடுக்கக் கண்காணிப்பு மையங்கள் இரவும் பகலும் ஓடவிட்டிருக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. பெயர் சைஸ்காம்ப். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தில் உருவானது. உள்ளூர் நிலநடுக்கத்தின் அளவைக் கணக்கிடுவதற்காக அதில் பல ஆண்டுகளாக இயல்பாகவே எழுதப்பட்டிருந்தவை நாலு ஜோடி எண்கள். 0-க்கு -1.3, 60-க்கு -2.8, 400-க்கு -4.5, 1000-க்கு -5.85. ஜோடியில் முதல் எண், அதிர்வு கிளம்பிய இடத்துக்கும் கருவிக்கும் உள்ள தூரம், கிலோமீட்டரில். இரண்டாவது, அவ்வளவு தூரம் வருவதற்குள் அலை எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதைச் சொல்லும் மடக்கை எண்.

பார்வைக்கு வறண்ட எண்கள்தான். ஆனால் அவற்றுக்குள் ஒரு வட்டாரத்தின் பாறையும் விரிசலும் அடங்கியிருக்கின்றன. அந்த வட்டாரம் தெற்குக் கலிஃபோர்னியா. வேறொரு நாட்டில் ஒருவர் இந்த மென்பொருளை நிறுவிவிட்டு அந்த வரியில் கைவைக்காமல் போனால், அவர் நாட்டு நிலநடுக்கங்கள் எல்லாம் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தவை போலவே அளக்கப்படும்.

இது எப்படி வந்தது என்று பார்க்க 1935-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டுதான் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த சார்லஸ் ரிக்டர் தம் அளவுகோலை வெளியிட்டார். அவர் கையில் இருந்தது வுட்-ஆண்டர்சன் கருவி. மெல்லிய டங்ஸ்டன் கம்பியில் ஒரு சிறு செப்பு உருளை, அதில் ஒட்டிய கண்ணாடி. தரை அசைந்தால் கண்ணாடி திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி புகைப்படத் தாளில் கோடாக விழும். தாளில் விழுந்த கோட்டின் வீச்சை மில்லிமீட்டரில் அளக்கலாம். ஆனால் பக்கத்தில் நடந்த சின்ன அதிர்வும் தொலைவில் நடந்த பெரிய அதிர்வும் ஒரே வீச்சைத் தரக்கூடும். ஜப்பானின் வடாட்டி தூரத்துக்கு எதிரே வீச்சை வரைந்து பார்த்த வழியை ரிக்டர் எடுத்துக்கொண்டார். மடக்கையில் வரைந்ததும் ஒவ்வொரு நிலநடுக்கத்தின் கோடும் மற்றதற்கு ஏறக்குறைய இணையாக இறங்கியது. இறங்கும் விதம் ஒன்றே என்றால், அதை ஓர் அட்டவணையாக எழுதிவிடலாம். அடுத்து வரும் எந்த அதிர்வுக்கும் தூரத்தின் பங்கை அட்டவணையைப் பார்த்துக் கழித்துவிடலாம். மிஞ்சுவது அதிர்வின் அளவு. 100 கிலோமீட்டரில் இந்தக் கருவியில் ஒரு மில்லிமீட்டர் வீச்சு விழுந்தால் அளவு 3 என்று அவர் வைத்துக்கொண்டார்.

அந்த 3 ஒரு மனிதர் எடுத்த முடிவு, இயற்கை தந்ததில்லை. கோடுகள் இறங்கும் விதமோ இயற்கை தந்தது, அதுவும் ஒரு குறிப்பிட்ட இயற்கை. அலை பரவப் பரவ அதன் ஆற்றல் விரிந்த பரப்பில் பங்கிடப்பட்டு மெலிகிறது; இது எல்லா ஊருக்கும் பொது. அதற்கு மேல் பாறையும் ஆற்றலைத் தின்கிறது. எவ்வளவு தின்னும் என்பது பாறையின் வயது, சூடு, உடைசல் இவற்றைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் மேலோடு இளையது, சூடானது, பிளவுகளால் நொறுங்கியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியோ பழைய, குளிர்ந்த, கெட்டியான நிலம். விரிசல் விட்ட பானையைத் தட்டினால் ஓசை அங்கேயே செத்துவிடும். வெண்கலப் பானை நெடுநேரம் ஒலிக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2011 ஆகஸ்ட் 23 காட்டியது. வர்ஜீனியா மாநிலத்தில் மினரல் என்ற சிற்றூருக்கு அருகே 5.8 அளவில் ஒரு நிலநடுக்கம். கலிஃபோர்னியாவில் இந்த அளவு நிலநடுக்கம் பெரும்பாலும் அந்த வட்டாரத்துச் செய்தியோடு போய்விடும். இங்கோ தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே கனடா வரை மக்கள் உணர்ந்தார்கள். வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விழுந்து, 2014 மே மாதம் வரை அதை மூடிவைக்க வேண்டியதாயிற்று. நிலச்சரிவுகளைத் தேடிப்போன புவியியலாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது. இந்த அளவு நிலநடுக்கத்தால் மையத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு அப்பால் சரிவு ஏற்பட்டதாக அதுவரை பதிவு இல்லை. வர்ஜீனியாவில் 245 கிலோமீட்டர் தொலைவிலும் பாறை சரிந்திருந்தது. கலிஃபோர்னிய அட்டவணையை இந்த நிலத்துக்கு நீட்டினால், தொலைவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அளவைக் கூட்டியே சொல்லும்.

செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ஓட்டோ நட்லி 1973-லேயே வட அமெரிக்காவின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் தனி அளவுகோல் வகுத்தது இதனால்தான். கனடாவில் இன்றும் ராக்கி மலைக்குக் கிழக்கே நட்லி அளவும் மேற்கே உள்ளூர் அளவும் வழங்குகின்றன. ஒரே நாடு, இரண்டு கணக்கு.

கலிஃபோர்னியாவுக்காவது அந்த அட்டவணை முழுக்கப் பொருந்துகிறதா? 1987-ல் கேட் ஹட்டனும் டேவிட் போரும் இதை எடுத்துப் பார்த்தார்கள். 972 நிலநடுக்கங்களின் ஆயிரக்கணக்கான பதிவுகள். மாம்மத் லேக்ஸ் என்ற எரிமலைப் பகுதியின் அதிர்வுகள் வேறு மாதிரி தேய்ந்தன. அவற்றை ஒதுக்கிவைத்துத்தான் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. முடிவில் கிடைத்த சூத்திரம் ரிக்டரின் அட்டவணையிலிருந்து விலகியது. 400 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் வீச்சு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன நாலு ஜோடியின்படி அளவு 4.5. ஹட்டன்-போர் சூத்திரத்தில் போட்டால் 4.2-ஐ ஒட்டி வரும். தாளில் இருக்கும் கோடு அதேதான். ஆற்றல் மதிப்பு மட்டும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மாறிவிடுகிறது.

ஹட்டனும் போரும் எழுதிய கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு யோசனை. 100 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்று நங்கூரம் போடும்போதே, அந்த 100 கிலோமீட்டர் நிலத்தின் தேய்வும் அளவுக்குள் நுழைந்துவிடுகிறது. தேய்வு வேறான இரண்டு நாடுகள் ஆளுக்கொரு சூத்திரம் செய்து இருவரும் 100 கிலோமீட்டரிலேயே நங்கூரம் போட்டால், இரண்டு 3-களும் சமமான அதிர்வுகளாக இரா. எனவே நங்கூரத்தை அருகே கொண்டுவாருங்கள், 17 கிலோமீட்டரில் 10 மில்லிமீட்டர் என்றால் அளவு 3 என்று வையுங்கள் என்றார்கள். கலிஃபோர்னியாவுக்கு இரண்டும் ஒன்றேதான். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் விடை பொருந்துகிறது. மற்ற நாடுகளுக்கோ, நடுவே கிடக்கும் நிலம் குறைந்துபோவதால் ஒப்பீடு நேர்மையாகிறது.

இனி மென்பொருளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலடி நிலநடுக்கத்துக்குப் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்ன அளவு 8.0, சுமார் ஒரு மணி நேரத்தில் 8.5, இன்று ஏற்கப்படுவது 9.1. அந்த நேரத்துக்குள் சுனாமி அலை நம் கரைகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போதைய பிசகுக்குக் காரணம் வேறு. மிகப் பெரிய அதிர்வில், வேகமாகக் கிடைக்கும் அளவுகள் ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் அந்தப் பேரழிவை அடுத்து இந்தோனேசியாவுக்காக ஜெர்மனி எடுத்த சுனாமி எச்சரிக்கைத் திட்டத்தில்தான் சைஸ்காம்பின் மூன்றாம் பதிப்பு உருப்பெற்றது. நாகப்பட்டினமும் மட்டக்களப்பும் இழந்தவற்றோடு தொடர்புடைய கருவி அது.

இந்த மென்பொருளில் ஒரு வட்டாரத்துக்குத் தனிக் கணக்கை அமைப்பது இப்படி. வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை வரிசையாக எழுதி ஒரு பலகோணம் வரைய வேண்டும். அதற்கு ஒரு பெயர். அந்தப் பெயரின் கீழ் அந்த நிலத்தின் தேய்வு எண்கள். பலகோணங்களுக்கு வெளியே இருப்பதற்கெல்லாம் பொதுவான ஒரு கணக்கு. பிறகு மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: எது உள்ளே இருந்தால் இந்தக் கணக்கைப் போடுவது? அதிர்வு மையம் மட்டும் உள்ளே இருந்தால் போதுமா, கருவியும் உள்ளே இருக்க வேண்டுமா, அல்லது அலை வந்த வழி முழுதும் உள்ளேயே கிடக்க வேண்டுமா? மூன்றாவதைத் தேர்ந்தால் கணக்கு தூய்மையாகும், ஆனால் எல்லையோர அதிர்வுகளுக்குப் பயன்படும் நிலையங்கள் குறைந்துவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை அந்த நிலத்தை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

இன்னொரு சின்ன எண்ணும் அங்கே காத்திருக்கிறது. இன்றைய மின்னணுக் கருவிகளின் பதிவை, பழைய வுட்-ஆண்டர்சன் கருவி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி மாற்றித்தான் அளக்கிறார்கள். அந்தக் கருவி தரையசைவை 2800 மடங்கு பெருக்கும் என்றே ரிக்டர் காலத்தில் நம்பினார்கள். 1990-ல் சோதித்தபோது உண்மையில் சுமார் 2080 மடங்குதான் என்று தெரிந்தது. மென்பொருளில் எந்த எண்ணை எழுதுகிறோமோ அதற்கேற்ப அளவு 0.13 ஏறும் அல்லது இறங்கும். சூத்திரத்தை எந்த எண்ணோடு உருவாக்கினார்களோ அதே எண்ணோடுதான் பயன்படுத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், ஒரு நாட்டின் நிலநடுக்கப் பட்டியலில் ஒரே நாளில் எல்லா அளவுகளும் நகர்ந்துவிடும். பின்னாளில் அந்தப் பட்டியலை ஆராய்பவர், நிலமே மாறிவிட்டது என்று எண்ணக்கூடும்.

பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு கவலையா என்று தோன்றினால் இங்கிலாந்தைப் பாருங்கள். பாறை எரிவாயுவுக்காக நிலத்தடியில் நீரைச் செலுத்திப் பாறையை உடைக்கும்போது 0.5 அளவோ அதற்கு மேலோ அதிர்வு வந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. பிரிட்டன் பயன்படுத்திய சூத்திரம் ஹட்டன்-போர் சூத்திரமேதான், அதாவது கலிஃபோர்னிய நிலம். தொலைவிலிருந்து அளக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. அதிர்வுகளுக்கு மிக அருகிலேயே கருவிகளை வைத்தபோது பிசகு வெளிப்பட்டது. அதிர்வுகள் மிக ஆழம் குறைந்தவை. அலை கடந்துவந்தது மேலே படிந்த மென்மையான அடுக்குகளை மட்டுமே. வீச்சு சூத்திரம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக விழுந்தது. பிரிட்டன் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் மிக அருகில் மட்டும் வேலை செய்யும் ஒரு கழித்தலைச் சூத்திரத்தில் சேர்த்தார்கள். மூன்று கிலோமீட்டரில் அந்தக் கழித்தல் 0.64. சட்டம் போட்ட வரம்பே 0.5 என்னும்போது, திருத்தம் வரம்பைவிடப் பெரிது. அந்தத் தூரத்தில் பழைய கணக்கில் 1.0 என்று வந்து வேலையை நிறுத்தியிருக்கும் அதிர்வு, புதிய கணக்கில் 0.4-க்குக் கீழே போய்விடும். 2019 ஆகஸ்ட் 26 அன்று பிளாக்பூல் அருகே 2.9 அளவில் வந்த அதிர்வுக்கு எந்தத் திருத்தமும் சமாதானம் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அரசு அந்தத் தொழிலையே நிறுத்திவைத்தது.

தென்னிந்தியாவின் பெரும்பகுதியும் பழைய, கெட்டியான பாறைதான். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் வந்த நிலநடுக்கத்தை ஏறத்தாழ 6 என்று மதிப்பிட்டது, மக்கள் உணர்ந்த பரப்பையும் சேதத்தையும் வைத்துத்தான். அப்படி மதிப்பிடும்போதும் இதே கேள்வி எழுகிறது: அதிர்வு இந்த நிலத்தில் எவ்வளவு தூரம் போகும்? கலிஃபோர்னியாவின் விடையை வைத்துக் கணக்கிட்டால், நம் பழைய நிலநடுக்கங்கள் இருந்ததைவிடப் பெரியவையாகத் தெரியும். கட்டட விதிகளும் அணைகளின் வடிவமைப்பும் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன.

ஆகவே "ரிக்டர் அளவில் 4.1" என்று செய்தி வரும்போது, எந்த மையம் சொன்னது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய நிலநடுக்கத்துக்கு உலக மையங்கள் தரும் திருப்புத்திறன் அளவை நம்பலாம். அது பிளவின் பரப்பையும் நகர்வையும் கொண்டு கணக்கிடப்படுவது. சிறிய அதிர்வுக்கு, அந்த நிலத்தில் பல ஆண்டுகள் கருவிகளை வைத்து அதன் தேய்வை அளந்துவைத்திருக்கும் உள்ளூர் மையத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.