பெயர் அறியாத நோய்க்கும் ஓர் எண்

ஒரு சொல் ஒரு பொருளையே சுட்டவேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தின் அடிப்படை நெறி. அன்றாட வழக்கு அந்நெறிக்குக் கட்டுப்படுவதில்லை. ‘வாந்திபேதி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் அது காலராவைக் குறிக்கும் பெயராக வழங்கியது. இன்றோ, கெட்டுப்போன உணவால் வரும் துன்பத்தையும் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவும் வயிற்று நோயையும் அச்சொல்லாலேயே சுட்டுகிறோம். வீட்டில் பேசிக்கொள்ள இது போதும். நாட்டில் எத்தனை குழந்தைகள் எந்த நோயால் துன்புற்றனர் என்று கணக்கிட இது போதாது. எண்ணுவதற்கு முன் பெயரிட வேண்டும். பெயரிடுவதற்கு முன் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

இத்தேவையால் எழுந்ததே அனைத்துலக நோய் வகைப்பாடு. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்திலோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியல் அதற்கு வித்தாக அமைந்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில், நோய்கள் ஓர் எழுத்தும் சில எண்களும் இணைந்த குறியீடுகளைப் பெற்றுள்ளன. மருத்துவர் எம்மொழியில் எழுதினாலும் குறியீடு ஒன்றே.

அத்திருத்தத்தில் காலராவின் குறியீடு ஏ00. பாக்டீரியாவின் நச்சால் விளையும் உணவு நஞ்சேற்றம் ஏ05. வைரஸ் எனப்படும் நச்சுயிரிகளால் வரும் குடல் தொற்றுகள் ஏ08இல் அடங்கும். வாந்திபேதி என்ற ஒரே சொல்லுக்குள் இருந்தவை இங்கே மூன்று இடங்களில் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

ஏ08 மேலும் கிளைக்கிறது. ஏ08.0 ரோட்டா நச்சுயிரிக்கு உரியது. 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த இக்கிருமி, சக்கரம் போன்ற தோற்றத்தால், அப்பொருள் தரும் இலத்தீன் சொல்லைப் பெயராகப் பெற்றது. ஏ08.1 நார்வாக் கிருமிக்கு உரியது. 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளியொன்றில் பரவிய நோயை ஆராய்ந்து, 1972இல் அக்கிருமியை இனங்கண்டனர். ஏ08.2 அடினோ நச்சுயிரிக்கு உரியது.

மொழி பயில்வோர் கூர்ந்து நோக்கவேண்டியவை அடுத்த இரண்டு. ஏ08.3 ‘பிற’ நச்சுயிரிகளைக் குறிக்கிறது, ஏ08.4 ‘குறிப்பிடப்படாத’ நச்சுயிரியைக் குறிக்கிறது. இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம், ஆனால் ஒன்றல்ல. ‘பிற’ என்றால் கிருமி இன்னதென்று தெரியும், பட்டியலில் அதற்குத் தனியிடம் இல்லை என்பது பொருள். ‘குறிப்பிடப்படாத’ என்றால் நச்சுயிரிதான் என்று மருத்துவர் எழுதியுள்ளார், எந்த நச்சுயிரி என்று எழுதவில்லை என்பது பொருள். முன்னது பட்டியலின் எல்லை. பின்னது பதிவின் எல்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘மற்றவை’ என்று எழுதிவிட்டால் இவ்வேறுபாடு முற்றாக அழிந்துவிடும்.

மருத்துவர் நச்சுயிரி என்றே குறிப்பிடாமல் ‘இரைப்பை குடல் அழற்சி’ என்று மட்டும் எழுதினால் என்ன செய்வது? பத்தாம் திருத்தத்தின் தொடக்கப் பதிப்பில் அதற்கு உரிய இடம் ஏ09. ஆயினும், இத்தகைய நோய் தொற்றால் வந்ததன்று எனக் கொள்ளத்தக்க நாடுகளில் கே52.9 இடவேண்டும் என்றொரு குறிப்பும் இருந்தது. ஒரே சொற்றொடர் ஒரு நாட்டில் தொற்றுநோயாகவும் மறுநாட்டில் தொற்றா நோயாகவும் எண்ணப்பட அது வழிவகுத்தது. பின்னாளில், தோற்றம் குறிப்பிடப்படாத நிலைக்கென்றே ஏ09.9 ஒதுக்கப்பட்டது.

நச்சுயிரியால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாள்களில் தணியும். இழந்த நீரை ஈடுசெய்வதே முதன்மைச் சிகிச்சை என்பதால், எல்லா நோயாளிக்கும் ஆய்வகச் சோதனை தேவைப்படுவதில்லை. ஆகவே ஏ08.4 இடுவது சோம்பலன்று; தெரிந்ததை மட்டும் சொல்லும் நேர்மை. ஆயினும் அந்நேர்மைக்கும் ஒரு விலை உண்டு. ரோட்டா தொற்றுக்குத் தடுப்பூசி மருந்து உண்டு. அதனை எல்லா நாடுகளும் தத்தம் தேசியத் திட்டத்தில் சேர்க்குமாறு 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அம்மருந்து பயன் தருகிறதா என்று அறிய ஏ08.0 எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்கவேண்டும். சோதிக்கப்படாத ரோட்டா நோய்கள் ஏ08.4இல் கலந்துவிட்டால் நோயின் சுமை மறையும். மாறாக, ஊகித்து ஏ08.0 இட்டால் நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும். எனவேதான், நோய்க்குறிகளைக் கண்டு கிருமியின் பெயரைத் தாமே ஊகிக்கும் உரிமை குறியீட்டாளருக்கு இல்லை.

2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் ரோட்டா 1ஏ22 ஆகிறது. நார்வாக் என்ற ஊர்ப்பெயர் விலகி, நோரோ என்னும் பெயருடன் 1ஏ23 வருகிறது. முன்பு தனியிடமின்றி ‘பிற’வில் அடங்கிய ஆஸ்ட்ரோ நச்சுயிரி 1ஏ21 என்ற இடத்தைப் பெற்றுள்ளது. அறிவு வளர வளர ‘பிற’ சுருங்குகிறது. ‘குறிப்பிடப்படாத’ சுருங்குவதோ, மருத்துவர் தாம் அறிந்ததை முழுமையாக எழுதுவதைப் பொறுத்தது. தமிழில் மருத்துவக் கலைச்சொல் ஆக்கும் நாம் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி வழங்குதல் கடமையாகும்.