'பழுது' என்கிற சொல்

ஒருவர் பழுது பார்க்கிறேன் என்று வந்தால், பழுது இருக்கிறது என்பதை நாம் முதலிலேயே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ஜோசப் நிக்கோலோசியின் (1947-2017) தொழில் வாழ்க்கை முழுக்க இந்த ஒத்துக்கொள்ளலின் மேல்தான் நின்றது.

1973இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோய் போய்விட்டது, வைத்தியர் போகவில்லை. கலிபோர்னியாவின் என்சினோவில், தாமஸ் அக்வினாஸ் பெயரில் உளவியல் சிகிச்சையகம் நடத்திய நிக்கோலோசி, ஆண்களுக்கான 'சீரமைப்புச் சிகிச்சை' பற்றி 1991இல் நூல் எழுதினார். 1992இல் சார்ல்ஸ் சொக்காரிடிஸ், பெஞ்சமின் காஃப்மன் ஆகியோருடன் சேர்ந்து 'நார்த்' அமைப்பைத் தொடங்கினார். 'பாவம்' என்ற பழைய சொல்லாடல் இப்படித்தான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது.

அவரது கோட்பாடு எளிமையானது. அப்பா விலகி நிற்கிறார், அம்மா அளவுக்கு மீறி அணைக்கிறார். ஆண்மையோடு ஒட்ட முடியாத பையன் அதைப் பிற ஆண்களிடம் தேடுகிறான். சரி, அப்பா பாசமாகத்தான் இருந்தார் என்றால்? பையனுக்கு அது உறைக்கலை என்று சொல்லிவிடலாம். எப்படிக் கேட்டாலும் பதில் தயார். பொய்ப்பிக்கவே முடியாத ஒன்றை அறிவியல் என்பதா? இதில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது பிள்ளை மட்டுமல்ல, பெற்றோரும்தான். அந்தக் குற்ற உணர்வே அடுத்த கட்டணத்தையும் கட்ட வைக்கிறது.

2010இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த திருமண உரிமை வழக்கில், பதின்பருவத்தில் பெற்றோரால் நிக்கோலோசியிடம் அனுப்பப்பட்ட ஒருவர் சாட்சி சொன்னார். போனபோது இருந்த ஈர்ப்பு அப்படியே இருந்தது. கூடுதலாக வந்தது தற்கொலை எண்ணம்.

இம்முகாம் அதிகம் காட்டிய சான்று ராபர்ட் ஸ்பிட்சரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு. 1973 நீக்கத்தில் முன்நின்றவரும் இதே ஸ்பிட்சர்தான். 200 பேரைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிய ஆய்வு அது. 2012இல் அவரே தவறென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே, 2009இல், அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு இச்சிகிச்சைகள் பலன் தருவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது.

2012இல் கலிபோர்னியா, உரிமம் பெற்ற சிகிச்சையாளர்கள் 18 வயதுக்குட்பட்டோரிடம் இதைச் செய்யத் தடை விதித்தது. நிக்கோலோசி வழக்குப் போட்டார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்றது. சிகிச்சை என்பது வெறும் பேச்சுதானே, பேச்சுக்குச் சுதந்திரம் இல்லையா என்பது அவர் தரப்பு வாதம்.

அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டாரால் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த அறையில் என்ன பேச்சுச் சுதந்திரம் இருந்தது? 'எனக்கு ஒண்ணும் ஆகலை' என்று அவன் சொன்னால், அதுவும் நோயின் அறிகுறி என்றல்லவா எழுதிக்கொள்வார்கள்?