அளவு கருவியை அளக்கும் முறை

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது முன்னோர் மொழி. ஒரே அரிசி ஒரே உலையில் ஒருங்கே வெந்தவிடத்து இம்மொழி பொய்ப்பதில்லை. பலவகை அரிசி கலந்த உலையிலோ ஒரு சோறு மற்றவற்றின் பதத்தை அறிவியாது. வைத்தியக் கருவிகளைச் சோதிப்பார் மறவாது கொள்ளற்பாலது இவ்வுண்மையேயாம்.

விரல் நுனியிற் பூட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியை நோக்குக. இதன் தத்துவத்தை 1974-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய தக்குவோ அயோயாகி என்பார் வெளியிட்டனர். செவ்வொளியும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியும் விரலினூடே செலுத்தப்படுகின்றன. பிராணவாயு நிறைந்த இரத்தம் செவ்வொளியைக் குறைவாகவும், குன்றிய இரத்தம் அதனை மிகுதியாகவும் உட்கொள்ளும். இவ்வேற்றுமை கொண்டே கருவி கணிக்கின்றது. ஆயினும் தோலின் கருநிறமும் ஒளியை உட்கொள்ளும் இயல்பினதன்றோ?

2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதன் விளைவைக் காட்டிற்று. கருவி நூற்றுக்கு 92 முதல் 96 வரை காட்டியிருக்க, தமனியிரத்தத்தைச் சோதித்தபோது உண்மையளவு 88-க்கும் குறைந்திருந்த அளவீடுகள், வெள்ளை நோயாளரிடத்து நூற்றுக்கு 3.6, கறுப்பு நோயாளரிடத்து 11.7. கருவி நலமென்று கூறுவதால் இவர்க்கு உரிய சிகிச்சை தாமதித்தல் கூடும்.

இத்தகைய பிழை சோதனையில் அகப்படாமைக்குக் காரணம் யாது? 2013-இல் அமெரிக்க அரசாங்கத்தார் வகுத்த நெறி, குறைந்தது 10 பேரிடத்து 200 அளவீடுகள் போதுமென்றது. அவருள் கருநிறத்தார் இருவரேனும், நூற்றுக்கு 15 பேரேனும், இவற்றுள் எது மிகுதியோ அத்துணையர் இருத்தல் வேண்டுமென்றது. எண்மரின் செம்மை இருவரின் பிழையைச் சராசரியில் மறைத்துவிடும்.

ஆதலின் நடுநிலைச் சோதனைக்கு வேண்டுவன சில. கருவியைப் பயன்படுத்துவார் எவ்வெவ்வகையினரோ அவ்வகையினர் அனைவரும், தனித்தனியே கணக்கிடப் போதிய தொகையினராய் இடம்பெறல் வேண்டும். ஒருவரிடத்து இருபது முறை அளத்தல் இருபதின்மரை அளத்தலாகாது. நலமுற்றாரை மட்டுமன்றி, பிராணவாயு குன்றிய நிலையினையும் சோதித்தல் வேண்டும். ஒப்பிடும் இரத்தம் அதே கணத்தில் எடுக்கப்படல் வேண்டும். எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்பதை அளவீட்டிற்கு முன்னரே வரையறுத்தல் வேண்டும். முடிவுகளை ஒவ்வொரு வகையினர்க்கும் பிரித்துக் கூறல் வேண்டும்.

2025 ஜனவரியில் அவ்வரசாங்கத்தார் வெளியிட்ட புதிய வரைவு, 150 பேருக்குக் குறையாமல், பல நிறத்தாரையும் சோதிக்குமாறு கூறுகின்றது. ஒரு கருவி செம்மையானது என்பாரிடம், ‘யாருக்கு?’ என வினவுதல் அறிவுடையார் கடன்.