குழந்தைகளின் பங்கு: கிராமசபையில் நாம் கேட்க வேண்டிய கணக்கு



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு அங்கன்வாடிக் கணக்கைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இலக்கிய மேடையில் அரிசிக்கும் முட்டைக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி. அந்த ஆய்வு 1925-இல் நூலாக வந்தது. வரவு செலவுக் கணக்கில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். அவரைத் தலைவராகக் கொண்ட நாம், நம் சேரிப் பிள்ளைகளின் பெயரில் எழுதப்படும் பணத்தின் கணக்கைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாகாது.

இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் விளக்க முயல்கிறோம். குழந்தைகளுக்கான செலவைக் கண்காணிக்கும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்தச் செலவின் கணக்கு உள்ளாட்சியின் கைக்கு வருகிறதா?

ஓர் அணாவின் கதை

இந்தக் கேள்விக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1920 செப்டம்பர் 16 அன்று பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது என்பது நிபந்தனை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23-இல் அப்பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. ஆனால் 1925 ஏப்ரல் 1 அன்று சிற்றுண்டி நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்க அன்றைய அரசு இசையவில்லை.

பசியைக் கண்ணால் பார்த்தது மன்றம். பையின் முடிச்சு வேறு கையில் இருந்தது. பார்க்கிறவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில் நட்டப்படுவது குழந்தைதான். பின்னாளில் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் மாநில அரசின் திட்டங்களாகவே வளர்ந்தன. அவற்றால் பெற்ற நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் மன்றம் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பொறுப்பேற்கும் முறை அவற்றோடு வளரவில்லை.

சட்டத்தில் இருப்பது

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பதினொன்றாம் அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்கள் அதில் உள்ளன. 25-ஆவது பொருள் பெண்கள், குழந்தைகள் மேம்பாடு. 26-ஆவது சமூக நலம். 27-ஆவது நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நலம். ஒரு தலித் குழந்தை இந்த மூன்று வரிகளுக்குள்ளும் வருகிறது.

ஆனால் 243-ஜி பிரிவு, மாநிலச் சட்டமன்றம் இந்தப் பொறுப்புகளை ஒப்படைக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு ‘லாம்’-இல்தான் முப்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

கேரளம் இந்த ‘லாம்’ என்பதை வேறு விதமாகப் படித்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்போது திட்டநிதியில் பெரும் பங்கை உள்ளாட்சிகளுக்கு மாற்றியது. பட்டியல் சாதித் துணைத்திட்ட நிதியின் ஒரு பகுதியும் அவ்வாறே சென்றது. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பது மாநில வரவு செலவு அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பில் அச்சாகி வருகிறது. அங்கன்வாடி அங்கே ஊராட்சியின் பொறுப்பு. கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. ஊராட்சியின் பெயருக்கு நேரே தொகை அச்சாகியிருந்தால், அதைக் காட்டிக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

பணம் வரும் வழி

தமிழ்நாட்டில் அந்தப் பிடி கிடைப்பது அரிது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் அதன் நிர்வாகம் சமூக நலன், மகளிர் உரிமைத் துறையின் கீழ் மாவட்டத் திட்ட அலுவலர், வட்டாரத்தில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், மேற்பார்வையாளர், பணியாளர் என்று இறங்குகிறது. பணியாளரின் நியமனம், ஊதியம், அரிசி, முட்டை, சத்துமாவு எதுவும் ஊராட்சிக் கணக்கின் வழியே வருவதில்லை. ஊராட்சியின் பங்கு பெரும்பாலும் குடிநீர், தெருவிளக்கு, வழி, கட்டடப் பராமரிப்பு என்று நின்றுவிடுகிறது.

எவ்வளவு பணம் என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஊட்டச்சத்துக்கான ஒன்றிய அரசின் செலவு அளவு 2017-இல் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாயிலிருந்து 8 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடுமையான எடைக்குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் உணவு தரவேண்டும். 25 குழந்தைகள் உள்ள மையம் என்றால் 8-ஐ 25-ஆலும் 300-ஆலும் பெருக்குங்கள்: 60,000 ரூபாய். மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதலாகத் தருவது தனி. 60,000 ரூபாய்க்கு ஒரு சிறு சாலைப்பணி நடந்தால் அதற்குப் பலகை வைக்கிறார்கள். குழந்தைகளின் 60,000 ரூபாய்க்குப் பலகை இல்லை.

இன்னொரு வழியையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வரவு செலவு ஆவணங்களில் 789 என்ற சிறுதலைப்பு பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டத்தைக் குறிக்கும். 796 பழங்குடியினருக்கு உரியது. அங்கன்வாடித் திட்டத்தின் செலவில் ஒரு பகுதி 789-இன் கீழ் எழுதப்படுகிறது. தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. அந்த விகிதத்தில் எழுதிவிட்டால் தாளில் கணக்கு நேராகிவிடும். எழுதிய பணம் எந்தச் சேரியின் எந்த மையத்துக்குப் போனது என்பது அந்தத் தாளில் இருக்காது. அதைக் கேட்கக்கூடிய இடம் ஊர் மட்டத்தில்தான் இருக்கிறது.

மையம் எங்கே இருக்கிறது

கணக்கின் முதல் வரி தொகை அல்ல, இடம். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தால் மூன்று வயதுச் சேரிப் பிள்ளை அங்கே தனியாக நடந்துபோகாது. தாய் கூலிவேலைக்குப் போயிருப்பாள். ஊர்த்தெரு வழியே நடக்கவே தயங்கவேண்டிய ஊர்களும் உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்திருக்கிறது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று பிறந்த ஆணை மூன்று விஷயங்களைச் சொன்னது: பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவில் அங்கன்வாடி வேண்டும், உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்கள் கூடாது, மையங்கள், பயனாளிகள், ஒதுக்கிய நிதி, செலவழித்த நிதி ஆகிய விவரங்களை மாநிலங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். 2006 டிசம்பர் 13 ஆணை இன்னும் ஒரு படி போனது. மையம் இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால், மக்கள் கோரிய மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும். கோருவது மக்களின் உரிமை என்று ஆணை சொல்கிறது. கோரிக்கையைத் தீர்மானமாக்கும் அவை கிராமசபை.

உணவைச் சமைப்பவர் யார் என்பதிலும் சாதி வந்து நிற்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தடுத்தனர். அவர் உடனே இடம் மாற்றப்பட்டார். போராட்டம் வெடித்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஆகவே ‘உள்ளூர் மக்களின் கண்காணிப்பு’ என்று சொல்லும்போது எந்த மக்கள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஊரை நம்பலாமா?

இதுதான் நம்முன் உள்ள கடினமான கேள்வி. கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக ஏற்க அம்பேத்கர் மறுத்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் அஞ்சியது பொய்க்கவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். தனி ஊராட்சிகளில் அந்தத் துணைத் தலைவர் பெரும்பாலும் ஆதிக்க சாதிக்காரர். அவர் பேனாவை எடுக்காவிட்டால் குழாய் ரிப்பேருக்குக்கூடப் பணம் நகராது.

அப்படியானால் அதிகாரிகளிடமே இருந்துவிட்டுப் போகட்டுமா? அதையும் பார்த்துவிட்டோம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டால் கிடைத்த நாற்காலிகள் ஒரே நாளில் காலியாயின. தேர்தல் தள்ளிப்போகும்போது முதலில் இழப்பவர் யார் என்று இதிலிருந்து தெரிகிறது.

எனவே நம் நிலைப்பாடு இது: ஊரின் நல்ல மனத்தை நம்பி நாம் கண்காணிப்பைக் கேட்கவில்லை. எழுத்தில் வரும் கணக்கையும், பதிவாகும் தீர்மானத்தையும், அதைப் படிக்கக்கூடிய சேரி இளைஞர்களையும் நம்பிக் கேட்கிறோம்.

கையில் உள்ள கருவிகள்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் 28-ஆவது பிரிவு, ரேஷன் கடைகளையும் பிற நலத்திட்டங்களையும் உள்ளாட்சியோ அரசு அதிகாரமளித்த அமைப்போ அவ்வப்போது சமூகத் தணிக்கை செய்து, முடிவுகளை வெளியிட வேண்டும் என்கிறது. அங்கன்வாடி உணவும் இதே சட்டம் தரும் உரிமை. இங்கே ‘லாம்’ இல்லை, ‘வேண்டும்’ இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் 2(ஜெ) பிரிவு, நகல் வாங்குவதோடு நிற்காமல் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. பருப்பின் தரம் பற்றிய சந்தேகத்துக்கு இது பயன்படும்.

இவற்றை வைத்துக்கொண்டு கிராமசபையில் கேட்க வேண்டியவை:

1. ஊராட்சியில் எத்தனை குடியிருப்புகள், எதில் அங்கன்வாடி உண்டு, எதில் இல்லை? இல்லாத இடத்தில் ஆறு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்? இந்தக் கணக்கெடுப்பை மாணவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

2. பதிவேட்டில் எத்தனை குழந்தைகள், கைபேசிச் செயலியில் எத்தனை, சென்ற மாதம் சராசரியாக உணவு உண்டவர்கள் எத்தனை? மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா?

3. ஆண்டில் எத்தனை நாள் உணவு தரப்பட்டது? நின்ற நாள்களுக்குக் காரணம் என்ன?

4. வந்த அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு எவ்வளவு? எந்தத் தேதியில் வந்தது?

5. பணியாளர், உதவியாளர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா? ஒரே பணியாளர் எத்தனை மையங்களைப் பார்க்கிறார்?

6. கழிப்பறை, குடிநீர், கட்டடத்துக்கு நிதிக்குழு மானியத்தில் ஊராட்சி என்ன ஒதுக்கியது, என்ன செலவழித்தது? 15-ஆவது நிதிக்குழு தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டியிருந்ததால், பணம் இல்லை என்ற பதிலை எளிதில் ஏற்கவேண்டியதில்லை.

பதில் வாய்மொழியாக வந்தால் போதாது. கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் வட்டாரத் திட்ட அலுவலர் என்றால், அவரைக் கிராமசபைக்கு வரச்சொல்லியும் தீர்மானம் போடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: இந்தக் கணக்கு மேல்நோக்கிக் கேட்கப்பட வேண்டியது. அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். கணவனை இழந்தவர்களும் தலித் பெண்களும் அவர்களில் உண்டு. சரக்கு வராததற்கு அவர்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால், அது கண்காணிப்பு ஆகாது, ஊர்ப் பஞ்சாயத்துத்தான். அவர்களே சரக்கு வராத தேதியைச் சொல்லக்கூடிய முதல் சாட்சிகள்.

இரண்டு: எடை குறைந்த குழந்தைகளின் பெயர்களைச் சபையில் படிக்கக் கூடாது. எண்ணிக்கை போதும். பிள்ளையின் மெலிவு தாயின் குற்றமாக ஊர்வாயில் மாறிவிடும். நம் பெண்கள் சுமக்கும் அவமானங்கள் போதும்.

தோழர்களே, ஓர் அணாவை நிறுத்திய கை 1925-இல் யாருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. இன்று பதில் சொல்லவைக்கச் சட்டப் பிரிவு இருக்கிறது, நீதிமன்ற ஆணை இருக்கிறது. அக்டோபர் 2 அங்கன்வாடித் திட்டம் பிறந்த நாள், கிராமசபை கூடும் நாளும் அதுதான். அதற்கு ஒரு மாதம் முன்பே குடியிருப்புக் கணக்கெடுப்பை முடியுங்கள். தகவல் உரிமை மனுக்களைப் போட்டுவையுங்கள். அன்று சபையில் கூட்டமாகப் போய் உட்காருங்கள். ஆறு கேள்விகளையும் ஒரு பெண் எழுந்து படிக்கட்டும்.

செய் பீம்.